உதாருக்கும் ஒரு எல்லை உண்டு... போக்கர் மேசை சொல்லும் கணக்கு!

'உதார்' என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கையில் பத்துப் பைசா இல்லாதவர் நாலு வீடு வாங்கப்போவதாகப் பேசினால் உதார். தெருமுனைச் சண்டையில் 'நான் யார் தெரியுமா?' என்று ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டால் அதுவும் உதார். உதார் விடுகிறவரை ஊர் சிரிப்போடுதான் பார்க்கும். ஆனால், உதாரை விதிக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு, அதைச் சரியாக விட்டால் கட்டுக்கட்டாகப் பணமும் கொடுக்கிற ஓர் ஆட்டம் இருக்கிறது. அதுதான் போக்கர்.

கையில் ஒன்றுமே இல்லாதபோது எல்லாம் இருப்பதுபோலப் பந்தயம் கட்டி, எதிராளியைப் பயமுறுத்தி எழுப்பிவிடுவதற்குப் போக்கரில் 'ப்ளஃப்' என்று பெயர். சினிமாவில் போக்கர் என்றாலே இந்தக் காட்சிதான். ஹீரோ இமைக்காமல் பார்ப்பார். மொத்தப் பணத்தையும் நடுவில் தள்ளுவார். வில்லன் வியர்த்துப்போய்ச் சீட்டைக் கவிழ்ப்பார்.

நிஜ மேசையில் என்ன நடக்கிறது? எத்தனை முறை தள்ளலாம்? யாரிடம் தள்ளலாம்? தள்ளினால் என்ன விலை? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் தள்ளியவர்கள் பலர். பதில் தெரிந்துகொண்டு பிழைத்தவர்கள் கொஞ்சம் பேர்.

முதலில் ஆட்டம் எப்படி?

உலகமெங்கும் அதிகம் ஆடப்படுவது 'டெக்சாஸ் ஹோல்டெம்' என்ற வகை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. அதை மற்றவர்கள் பார்க்க முடியாது. மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று என்று அவை திறக்கப்படும். மொத்தம் ஏழு சீட்டில் சிறந்த ஐந்தை வைத்து யாருடைய கை பெரியது என்று முடிவாகும்.

இடையிடையே நான்கு சுற்றுப் பந்தயம். ஒருவர் பணம் கட்டினால் மற்றவருக்கு மூன்று வழிகள்தான். அதே தொகையைக் கட்டிப் பார்க்கலாம். அதைவிட ஏற்றிக் கட்டலாம். இல்லையென்றால், ரம்மியில் 'ஸ்கூட்' விடுவதுபோலச் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். மூணு சீட்டு ஆடிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். எல்லோரும் விலகிவிட்டால், மிஞ்சியவர் தன் சீட்டைக் காட்டாமலேயே பணத்தை அள்ளிக்கொள்ளலாம். உதார் பிறப்பது இந்த ஒரு விதியில்தான்.

ஒரு கணக்காளர் விட்ட உதார்

2003-ம் ஆண்டு. லாஸ் வேகாஸில் போக்கரின் உலகக் கோப்பை என்று சொல்லத்தக்க 'வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர்' முதன்மைப் போட்டி. நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். கலந்துகொண்டவர்கள் 839 பேர். கடைசியில் மிஞ்சிய இருவரில் ஒருவர் சாமி ஃபர்ஹா. வாயில் பற்றவைக்காத சிகரெட், அலட்சியமான உட்காரல் என்று தொழில்முறை ஆட்டக்காரருக்கே உரிய தோரணை.

எதிரில் இருந்தவர் கிறிஸ் மணிமேக்கர். அது பட்டப்பெயர் இல்லை, நிஜப் பெயரே அதுதான். டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த 27 வயதுக் கணக்காளர். இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடிய ஒரு சிறு போட்டி வழியாக அங்கே வந்து சேர்ந்தவர்.

அன்று ஒரு கையில் மணிமேக்கரிடம் இருந்தவை ஒரு கிங், ஒரு 7. ஃபர்ஹாவிடம் குயினும் 9-ம். நடுவில் 9, 2, 6 விழுந்தன. பிறகு 8. அதில் 9, 6, 8 மூன்றும் ஸ்பேடு. மணிமேக்கரின் கிங்கும் ஸ்பேடு. இன்னொரு ஸ்பேடு விழுந்தாலோ, 5 அல்லது 10 விழுந்தாலோ அவர் கை எழுந்துவிடும். அந்தத் தைரியத்தில் பந்தயத்தை ஏற்றினார். கடைசிச் சீட்டு திறந்தது. ஆர்ட்டின் 3. எதற்கும் உதவாத சீட்டு.

மணிமேக்கரிடம் இப்போது ஒரு ஜோடிகூட இல்லை. இருந்த மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். ஃபர்ஹாவிடம் 9 ஜோடி இருந்தது. கட்டிப் பார்த்திருந்தால் போட்டியே கிட்டத்தட்ட முடிந்திருக்கும். அவர் யோசித்தார், யோசித்தார்... கவிழ்த்துவிட்டார்.

அதன் பிறகு மணிமேக்கர் கோப்பையையும் 25 லட்சம் டாலரையும் வென்றார். தொலைக்காட்சி வர்ணனையில் இதற்கு 'நூற்றாண்டின் ப்ளஃப்' என்ற பெயர் விழுந்தது.

கேமரா காட்டாதது

அந்த ஒளிபரப்பு அமெரிக்காவைப் புரட்டிப்போட்டது. ஆட்டக்காரர்கள் மறைத்துவைத்திருக்கும் சீட்டைக் குட்டி கேமரா வழியாக வீட்டில் இருப்பவர்கள் பார்க்க முடிந்தது. யார் பொய் சொல்கிறார், யார் ஏமாறுகிறார் என்பது மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது, சோபாவில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதைவிடச் சுவாரசியம் வேறு என்ன வேண்டும்?

839 பேர் ஆடிய போட்டியில் 2004-ல் 2,576 பேர் ஆடினார்கள். 2005-ல் 5,619. 2006-ல் 8,773. மூன்றே ஆண்டுகளில் பத்து மடங்குக்கும் மேல். 'ஒரு கணக்காளரால் முடிந்தால் நம்மாலும் முடியும்' என்ற நினைப்பு அத்தனை பேரையும் இழுத்து வந்தது.

ஆனால், தொலைக்காட்சி நாள் முழுக்க நடந்த ஆட்டத்தை ஒரு மணி நேரமாக வெட்டித்தான் காட்டும். அதில் உதார் இருக்கும், அதிர்ச்சி இருக்கும், கண்ணீர் இருக்கும். நல்ல ஆட்டக்காரர் கையைப் பார்த்ததும் சத்தமில்லாமல் கவிழ்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும் நூற்றுக்கணக்கான தருணங்கள் இருக்காது. அவைதான் ஆட்டத்தின் பெரும்பகுதி. இன்றைக்கு ரீல்ஸ் பார்த்துச் சமையலையும் பங்குச்சந்தையையும் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்த ஆபத்து புதிதாக இருக்காது.

5-ம் 2-ம் வைத்துக்கொண்டு...

2006-ம் ஆண்டு அதே போட்டித் தொடரில் 2,000 டாலர் கட்டணப் போட்டி ஒன்றின் இறுதி மேசை. வெனஸ்ஸா செல்ப்ஸ்ட் என்ற இளம்பெண் அங்கே உட்கார்ந்திருந்தார். புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகத்தில் முந்தைய ஆண்டுதான் பட்டம் வாங்கியவர். இருபதுகளின் தொடக்கம். எதிரில் இருப்பவரை மூச்சுவிட விடாத அடாவடி ஆட்டம் அவருடையது.

அன்று அவர் கையில் வந்தவை 5-ம் 2-ம். போக்கரில் இதைவிட மோசமான கைகள் அதிகம் இல்லை. அவர் பந்தயத்தை ஏற்றினார். எதிராளி அதற்கும் மேல் ஏற்றினார். சாதாரணமாக இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். செல்ப்ஸ்ட் மொத்தப் பணத்தையும் தள்ளினார்.

எதிராளி நொடிகூட யோசிக்க வேண்டிய அவசியம் இல்லை. அவரிடம் இருந்தவை இரண்டு ஏஸ். ஹோல்டெம் ஆட்டத்தில் அதற்கு மேலான தொடக்கக் கை கிடையாது.

செல்ப்ஸ்ட் 7-வது இடத்தோடு வெளியேறினார். ஒரு லட்சம் டாலருக்குச் சற்று மேல் பரிசு கிடைத்தது, உண்மைதான். ஆனால், நாடே பார்க்கும் தொலைக்காட்சியில், முதன்முதலாக முகம் காட்டிய மேசையில், 5-2 வைத்துக்கொண்டு ஏஸ் ஜோடியிடம் மோதியவர் என்ற அடையாளம் ஒட்டிக்கொண்டது.

மணிமேக்கர் செய்ததும் மொத்தத்தையும் தள்ளியதுதான். செல்ப்ஸ்ட் செய்ததும் அதுதான். தைரியத்தில் இருவருக்கும் குறைவில்லை. அப்படியென்றால் வித்தியாசம் எங்கே?

எல்லை 1: கேட்பவர் யார்?

உதார் விடுபவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையில் உதார் பலிப்பது கேட்பவரின் கையில் இருக்கிறது. ஃபர்ஹாவிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடி. அதைத் தூக்கிப்போட ஒரு காரணம் கிடைத்தால் தூக்கிப்போடக்கூடிய கை. மேசையில் மூன்று ஸ்பேடுகள் அந்தக் காரணத்தைக் கொடுத்தன. செல்ப்ஸ்ட்டின் எதிராளியிடம் இருந்த ஏஸ் ஜோடியைக் கவிழ்க்க உலகத்தில் எந்தக் காரணமும் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. உதார் புரிய வேண்டுமென்றால் கேட்பவருக்கும் கொஞ்சம் ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும். 'இவர் இப்படிக் கட்டினால் இன்ன கை இருக்கலாம்' என்று யோசிப்பவர்தான் பயப்படுவார். 'என்னதான் வைத்திருக்கிறார், பார்த்துவிடுவோமே' என்று எதற்கும் பணம் கட்டுபவரிடம் எந்தப் பூச்சாண்டியும் பலிக்காது. புதிதாக வந்த ஆயிரக்கணக்கானவர்களில் இந்த ரகம்தான் அதிகம். அனுபவசாலிகள் பலர் அந்த ஆண்டுகளில் தங்கள் அருமையான உதார்களை இவர்களிடம் விட்டுப் பணத்தை இழந்தார்கள். அதனால்தான் எதையும் கட்டிப் பார்ப்பவரிடம் ப்ளஃப் செய்யாதே என்பது போக்கரின் அரிச்சுவடிப் பாடமாக இருக்கிறது.

எதிரில் ஒருவர் இருந்தால் ஒரு கணக்கு. மூன்று பேர் இருந்தால்? ஒவ்வொருவரும் இரண்டில் ஒரு முறை விலகுவார்கள் என்று வைத்துக்கொண்டால், மூவரும் ஒரே நேரத்தில் விலக எட்டில் ஒரு வாய்ப்புதான். ஒருவரை ஏமாற்றுவது கலை. கூட்டத்தையே ஏமாற்ற நினைப்பது பேராசை.

நார்வேயின் அனெட் ஒப்ரெஸ்டாட் ஒரு முறை 180 பேர் கொண்ட இணையப் போட்டியில், ஒரே ஒரு தடவை தவிரத் தன் சீட்டையே பார்க்காமல் ஆடி ஜெயித்தார். 'பார்த்தாயா, சீட்டே தேவையில்லை, அடித்து ஆடினால் போதும்' என்று சிலர் இதை மேற்கோள் காட்டுவார்கள். அவர் நிரூபித்தது வேறு. தன் சீட்டை மறைத்துவிட்டால், மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவர் கவனித்தார். 2007-ல், 19 வயது நிறைவதற்கு முதல் நாள், ஐரோப்பாவில் நடந்த வேர்ல்டு சீரிஸ் முதன்மைப் போட்டியின் சாம்பியனும் ஆனார்.

எல்லை 2: கணக்கு

இப்போது கொஞ்சம் கூட்டல் கழித்தல். பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

நடுவில் 100 ரூபாய் இருக்கிறது. கையில் ஒன்றுமில்லாத ஒருவர் 100 ரூபாய் கட்டி உதார் விடுகிறார். பலித்தால் 100 லாபம். பலிக்காவிட்டால் 100 நஷ்டம். ஆகவே, இரண்டில் ஒரு முறையாவது பலித்தால்தான் கைக்காசு தப்பும். 50 ரூபாய்தான் கட்டுகிறார் என்றால் மூன்றில் ஒரு முறை பலித்தால் போதும். ஆவேசப்பட்டு 200 கட்டினால் மூன்றில் இரண்டு முறை பலிக்க வேண்டும். குரலை எவ்வளவு உயர்த்துகிறாரோ, அவ்வளவு அதிகமாக ஜெயிக்க வேண்டிய கட்டாயம்.

எதிர்ப்பக்கம் இருந்து பாருங்கள். 100 ரூபாய் பந்தயத்தைக் கட்டிப் பார்ப்பவர், நடுவில் இருக்கும் 200-க்காக 100-ஐப் பணயம் வைக்கிறார். மூன்றில் ஒரு முறை அவர் சந்தேகம் சரியாக இருந்தாலே நஷ்டம் இல்லை. அதாவது, நீங்கள் கட்டும் மூன்று பந்தயங்களில் ஒன்று பொய்யாக இருக்கலாம். இரண்டாவது உண்மையாக இருக்க வேண்டும். மூன்றாவதும் உண்மையாக இருக்க வேண்டும். அந்த அளவைத் தாண்டினால், எதிராளி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு முறையும் கட்டிப் பார்த்தே உங்கள் பாக்கெட்டைக் காலி செய்துவிடலாம்.

இரண்டு உண்மைக்கு ஒரு பொய். உதாரின் எல்லை என்று ஒரு கோடு போடச் சொன்னால், அந்தக் கோடு ஏறத்தாழ இங்கேதான் விழும்.

பொய்யைத் தொடர்ந்து சொல்வதற்கும் விலை ஏறிக்கொண்டே போகும். நடுவில் 100 இருக்கும்போது 100 கட்டுகிறார். எதிராளி விலகவில்லை. இப்போது நடுவில் 300. அடுத்த சுற்றில் 300 கட்டுகிறார். அப்போதும் விலகவில்லை. நடுவில் 900. கடைசிச் சுற்றில் 900 கட்டுகிறார். வெறும் 100 ரூபாய்க்காக ஆரம்பித்த உதாரில் சிக்கிய தொகை 1,300. ஒரு பொய்யைக் காப்பாற்ற அதைவிடப் பெரிய பொய் வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். போக்கரில் அதை ரூபாய் பைசாவில் எழுதிக்காட்டலாம்.

எல்லை 3: கதையில் ஓட்டை

ஸ்டூ உங்கர். போக்கர் வரலாற்றின் மிகப்பெரிய மேதைகளில் ஒருவர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பெயர். 1980, 1981, 1997 என்று மூன்று முறை முதன்மைப் போட்டியை வென்றவர். அவர் 1990-ம் ஆண்டின் சாம்பியனான மன்சூர் மட்லூபியோடு மோதிய ஒரு தனி ஆட்டத்தின் கதையைப் போக்கர் உலகம் இன்றும் அலுக்காமல் பேசுகிறது.

மேசையில் 7, 3, 3 விழுந்தன. உங்கர் பணம் கட்டினார், மட்லூபி ஈடுகொடுத்தார். அடுத்து கிங். இருவரும் கட்டவில்லை. கடைசியாகக் குயின். திடீரென்று மட்லூபி தன்னிடமிருந்த மொத்தத்தையும் தள்ளினார். அவர் கையில் இருந்தவை 4-ம் 5-ம். எதுவும் சேராத கை.

உங்கரின் கையில்? 10-ம் 9-ம். அதுவும் எதுவும் சேராத கை! உதாரைத் தவிர வேறெதையும் ஜெயிக்க முடியாத சீட்டு. யாராக இருந்தாலும் கவிழ்த்துவிட்டுப் போயிருப்பார்கள். உங்கர் எதிராளியை உற்றுப் பார்த்தார். '4-5 அல்லது 5-6 வைத்திருக்கிறீர்கள்' என்ற பொருளில் சொல்லிவிட்டுப் பணத்தைக் கட்டினார். 10 பெரிய சீட்டு என்ற ஒரே காரணத்தால் ஜெயித்தார்.

மந்திரமா? இல்லை. மட்லூபி சொன்ன கதையை உங்கர் ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்த்தார். கிங் அல்லது குயின் ஜோடி மட்டும் வைத்திருப்பவர் மொத்தத்தையும் பணயம் வைக்க மாட்டார். அவ்வளவு கட்டினால் பலவீனமான கை எல்லாம் ஓடிவிடும், பலமான கை மட்டும் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். கையில் 3 இருந்தால், நடுவில் பணம் சேர்க்க அவர் முன்பே முயன்றிருப்பார். கிங் விழுந்த சுற்றில் சும்மா இருந்திருக்க மாட்டார். மிஞ்சியது என்ன? ஏதோ சேரும் என்று காத்திருந்து சேராமல்போன சின்னச் சீட்டுகள்.

மணிமேக்கரின் கதையோ முதலிலிருந்து முடிவு வரை பொருந்தியது. ஸ்பேடு விழுந்ததும் ஏற்றினார், கடைசியிலும் அதே தோரணையில் தள்ளினார். அதோடு, நடுவில் அவர் ஏற்றியபோது அது முழுப் பொய்யும் அல்ல. சரியான சீட்டு விழுந்திருந்தால் உண்மையாகவே மாறியிருக்கும். போக்கர் எழுத்தாளர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி இதற்கு 'செமி ப்ளஃப்' என்று பெயர் வைத்தார். பாதிப் பொய் என்று சொல்லலாம். பிடிபட்டாலும் தப்பிக்க ஒரு கதவு திறந்திருக்கும். அனுபவசாலிகளின் உதார்களில் பெரும்பாலானவை இந்தப் பாதிப் பொய்கள்தான்.

கம்ப்யூட்டருக்கும் பட்டால்தான் தெரிந்தது

மனிதர்களை விடுங்கள். இயந்திரத்துக்குப் பயம் கிடையாது, வெட்கம் கிடையாது. அது இஷ்டத்துக்கு உதார் விடலாமே?

2015-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிளாடிகோ' என்ற மென்பொருள், பிட்ஸ்பர்க் நகரில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதியது. நடுவில் 700 டாலர் இருக்கும்போது அது 19,000 டாலரைத் தள்ளுகிறது என்று எதிர்த்து ஆடியவர்களில் ஒருவரான டக் போல்க் வியந்தார். மனிதர் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஏன் என்று மேலே சொன்ன கணக்கைப் போட்டாலே புரியும். 700-க்காக 19,000-ஐப் பணயம் வைத்தால், அது நூற்றுக்கு 96 முறைக்கும் மேல் பலித்தாக வேண்டும். மொத்தக் கணக்கில் மனிதர்கள் முன்னிலையில் முடித்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2017 ஜனவரியில், அதே பல்கலைக்கழகத்தின் டூமாஸ் சாண்ட்ஹோமும் நோவாம் பிரவுனும் 'லிப்ராடஸ்' என்ற அடுத்த மென்பொருளோடு வந்தார்கள். 20 நாட்கள். 1,20,000 கைகள். இந்த முறை நான்கு மனிதர்களும் தோற்றார்கள். இயந்திரம் 17 லட்சம் டாலருக்கும் மேல் மதிப்புள்ள சிப்ஸ் முன்னிலையில் இருந்தது.

லிப்ராடஸும் பெரிய பெரிய உதார்கள் விட்டது. ஆனால், எத்தனை உண்மைக்கு எத்தனை பொய் என்ற அளவை அது நழுவவிடவில்லை. தன் ஆட்டத்தில் எந்த ஓட்டையைத் தேடி மனிதர்கள் நுழைகிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொரு இரவும் அந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டே வந்தது.

அப்படியென்றால் உதாரே வேண்டாமா?

அதுவும் தப்பு. நல்ல கை வந்தால் மட்டும் கட்டுகிறவர் என்று பெயர் எடுத்துவிட்டால், நீங்கள் கட்டும்போதெல்லாம் மேசை காலியாகிவிடும். இரண்டு ஏஸ் வைத்திருந்தும் பத்து ரூபாய்தான் கிடைக்கும்.

இதைக் கணிதமாக எழுதிக்காட்டியவர் ஜான் வான் நியூமன். கணினி யுகத்தின் அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். 1944-ல் பொருளாதார அறிஞர் ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னோடு சேர்ந்து அவர் எழுதிய விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கும் ப்ளஃபுக்கும் தனி இடம் உண்டு. உதாருக்கு இரண்டு நோக்கங்கள் உண்டு என்பது அவர் பார்வை. ஒன்று, பலவீனத்தைப் பலமாகக் காட்டுவது. மற்றொன்று, நிஜமாகவே பலமாக இருக்கும்போது 'இது பொய்யாக இருக்கலாம்' என்ற சந்தேகத்தை எதிராளி மனதில் விதைத்துவைப்பது. இரண்டாவது நோக்கத்துக்கு, எப்போதாவது பிடிபடுவதும் நல்லதுதான்.

ஆக, உதார் என்பது உண்மையின் பேரில் வாங்கும் கடன். நம்பிக்கை என்ற முதல் இருக்கும்வரை வாங்கலாம். வாங்கியதை நல்ல கையைக் காட்டி அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடைக்காமல் வாங்கிக்கொண்டே போனால், ஒருநாள் நிஜமாகவே ஒன்றுமில்லாதபோது தள்ளிய பணத்தை எதிராளி சிரித்துக்கொண்டே கட்டிப் பார்ப்பார்.

வெனஸ்ஸா என்ன ஆனார்?

5-2 வைத்துக்கொண்டு வெளியேறிய அந்தப் பெண் ஆட்டத்தை விட்டு ஓடவில்லை. அடித்து ஆடும் பாணியையும் விடவில்லை. 2008, 2012, 2014 என்று மூன்று முறை வேர்ல்டு சீரிஸ் சாம்பியன்களுக்கான தங்கக் கைச்சங்கிலியை வென்றார். 2010-ல் வென்ற ஒரு பெரிய போட்டியை 2011-லும் வென்று காட்டினார். உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்த ஒரே பெண் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது. போட்டிகளில் மட்டும் அவர் சம்பாதித்த பரிசு ஒரு கோடியே பத்து லட்சம் டாலருக்கும் மேல். இடையில் யேலில் சட்டமும் படித்து முடித்தார்.

எதிராளியின் இடத்திலிருந்து யோசித்தால் இதன் ருசி தெரியும். எதிரில் இருப்பவர் 5-2 வைத்துக்கொண்டுகூட எல்லாவற்றையும் தள்ளக்கூடியவர். அவர் தள்ளும்போது விலகுவதா, கட்டிப் பார்ப்பதா? அந்தக் குழப்பத்துக்குள்தான் அவருடைய நல்ல கைகளுக்குப் பணம் கொட்டியது. 2006-ல் பட்ட அவமானத்தின் வட்டி அது.

ஆனாலும், சீட்டாட்டத்தில் உண்மைக்கும் உத்தரவாதம் கிடையாது. 2017 முதன்மைப் போட்டியின் முதல் நாளிலேயே அவர் வெளியேறினார். இந்த முறை கையில் இருந்தவை இரண்டு ஏஸ். மூன்றாவது ஏஸும் மேசையில் விழுந்து, ஃபுல் ஹவுஸ் என்ற மிகப்பெரிய கையாக மாறியிருந்தது. எதிரில் இருந்த கயேல் பாமானிடம் நான்கு 7! அந்த ஆண்டு முடிவில் முழுநேரப் போக்கருக்கு விடைகொடுத்துவிட்டு, ஒரு நிதி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எழுந்துபோக வேண்டிய நேரத்தில் எழுந்துபோவதும் ஆட்டத்தில் சேர்த்திதான்.

ஸ்டூ உங்கருக்கு அது முடியவில்லை. எதிராளியின் 4-5-ஐக் கண்ணாலேயே படித்தவர், குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் போதையிலும் எல்லாவற்றையும் தொலைத்தார். 1997-ல் அவர் கோப்பை வென்ற போட்டிக்கான நுழைவுக் கட்டணத்தையே நண்பர் ஒருவர்தான் கட்டினார். அடுத்த ஆண்டு நவம்பரில், லாஸ் வேகாஸின் மலிவான தங்கும் விடுதி ஒன்றில் இறந்துகிடந்தார். வயது 45. வென்ற லட்சங்களில் எதுவும் மிச்சம் இல்லை. மற்றவர்களின் உதாரை எல்லாம் பிடித்தவர், 'அடுத்த பந்தயத்தில் மீட்டுவிடலாம்' என்று தனக்குத்தானே விட்டுக்கொண்ட உதாரைப் பிடிக்கவில்லை.

கைப்பேசிக்குள் வந்த மேசை

அந்தக் கடைசி உதார் நம் ஊருக்கும் அந்நியமானது இல்லை. ஆன்லைன் ரம்மியில் சம்பளத்தை இழந்து, நகையை அடகுவைத்து, கடன் வாங்கி, உயிரையே விட்டவர்களின் செய்திகளைத் தமிழ்நாடு பல ஆண்டுகளாகப் படித்துவருகிறது. மாநில அரசு 2022-ல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று சேர்த்திருந்த பகுதியை மட்டும் ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற வாதம் நீதிமன்றத்துக்கு உரியது. வீட்டுக்கு உரிய கேள்வி வேறு. ஆயிரம் ரூபாயை இழந்தவர் ஐயாயிரம் கட்டும்போது, ஐயாயிரத்தை இழந்தவர் இருபதாயிரம் கட்டும்போது, அவர் யாரைப் பயமுறுத்துகிறார்? சீட்டுக்குப் பயம் தெரியாது. செயலிக்கும் தெரியாது. அங்கே விலகிப்போகக்கூடியவர் ஒரே ஒருவர்தான். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருப்பவர்.

போக்கரில் பிழைத்தவர்கள் எல்லோரிடமும் பொதுவாக இருக்கும் திறமை, எல்லாவற்றையும் நடுவில் தள்ளும் துணிச்சல் இல்லை. 'இந்தக் கை நமக்கானது இல்லை' என்று சொல்லி, இரண்டு சீட்டையும் கவிழ்த்துவைத்துவிட்டு, அடுத்த கைக்குக் காத்திருக்கும் பொறுமை. அதைப் பார்த்து யாரும் கைதட்ட மாட்டார்கள். கேமராவும் திரும்பாது. ஆனால், அடுத்த கை வரும்போது அவர்களிடம் கட்டுவதற்குப் பணம் இருக்கும்.